மதிப்பெண்ணும் வாழ்விடமும்: சிறுநீரக மாற்றுக்கு முந்திய உளசமூக மதிப்பீடு

சிறுநீரக மாற்றுக்கு முன் குருதி வகையும் இழையப் பொருத்தமும் மட்டும் பார்க்கப்படுவதில்லை. நோயாளியின் மனநிலை, குடும்பம், குடிப்பழக்கம், வீடு எல்லாமே விசாரிக்கப்படுகின்றன. தானமாகக் கிடைக்கும் உறுப்பு அரிது. ஆகவே விசாரணை தேவைதான். ஆனால் அதன் முடிவைக் கொண்டு நோயாளியை விலக்குவதா, அவருக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொடுப்பதா? இரண்டாவதே அதன் முதற்பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலக்கும் வழி எங்கே கொண்டுபோகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் டயலிசிஸ் இயந்திரங்கள் சிலவே இருந்தன. யாருக்குச் சிகிச்சை என்பதை எழுவர் குழு ஒன்று முடிவுசெய்தது. வருமானம், கல்வி, தேவாலய ஈடுபாடு போன்றவையும் அங்கே எடைபோடப்பட்டதை 1962இல் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதி வெளிப்படுத்தினார். இன்றைய படிவங்கள் அவ்வளவு அப்பட்டமானவை அல்ல. 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட அளவுகோல் நோயைப் பற்றிய புரிதல், சமூக ஆதரவு, உளநிலை, போதைப் பழக்கம் என 18 கூறுகளை ஆராய்கிறது. மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுதல் என்று பொருள். கவனமாகச் செய்யப்பட்ட கருவி அது. ஆனால் சமூக ஆதரவு என்ற பகுதியில் நோயாளி வாழும் வீடும் சூழலும் தனிக் கூறாக எண்ணப்படுகின்றன. வறுமை அங்கே நோயாளியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இலங்கையில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியில் உள்ள நாலந்தாவை எடுத்துக்கொள்வோம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் நாலந்தா அமைந்த மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியிலும் உண்டு. வயலில் உழைக்கும் ஆண்களையே அது பெரிதும் தாக்குகிறது. சிறுநீரக மாற்று நடைபெறும் கண்டி தேசிய வைத்தியசாலை நாலந்தாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாற்றுக்குப் பின், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பொதுவாக 12 மணிநேரத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். கிளினிக் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் போய், குருதி கொடுத்த பிறகே விழுங்கவேண்டும். வீட்டிலேயே விழுங்கிவிட்டால் மருந்தின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கக்கூடும். எனவே நாலந்தாக்காரர் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு விடியலில் பஸ் ஏறவேண்டும். பஸ் தாமதித்தால் மாத்திரையும் தாமதிக்கும். கோப்பிலோ ‘மருந்து ஒழுங்கில்லை’ என்று பதிவாகக்கூடும். இது மனநிலையின் குறையா, போக்குவரத்தின் குறையா?

ஆய்வுச் சான்றும் எச்சரிக்கிறது. மேரி அமண்டா டியூவும் சகாக்களும் 147 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்காமை சிறுநீரகம் பெற்றோரிடையே ஆண்டுக்கு 100 பேருக்கு 36 என்ற அளவில் இருந்தது. பிற உறுப்புகளைப் பெற்றோரிடையே 7 முதல் 15 வரை. ஆகவே சிக்கல் உண்மையானது. ஆனால் அதே பகுப்பாய்வில் சமூக ஆதரவுக்கும் மருந்து ஒழுங்குக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. இவ்வளவு மெலிந்த சான்றை வைத்து, துணைக்கு ஆளில்லை என்று ஒருவருக்கு வாழ்வை மறுப்பது தகாது. படிவத்தில் ஒரு குறை எழுதப்பட்டால், அதைத் தீர்க்கவேண்டியவர் யார், எப்போதைக்குள் என்பதும் அதன் பக்கத்திலேயே எழுதப்படவேண்டும். குருதியை மாத்தளையிலேயே எடுத்து அனுப்பலாமா, பிரயாணச் செலவுக்குப் பிரதேச செயலகம் வழியே உதவி கிடைக்குமா என்பன மருத்துவக் குழு கேட்கவேண்டிய கேள்விகள்.

உயிரோடிருந்து தானம் தருபவரின் நிலை வேறு. அங்கே மதிப்பீடு, விருப்பமில்லாத தானத்துக்கு உறுதியான தடையாகவே இருக்கவேண்டும். இந்தியாவில் சிறுநீரகம் தருவோரில் பெரும்பாலோர் பெண்கள், பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வரும், தமிழ் மட்டுமே பேசும் ஒரு மனைவியிடம் “விரும்பித்தான் தருகிறீர்களா?” என்று சிங்களத்தில் கேட்டு, அதை நோயாளியின் அண்ணன் மொழிபெயர்த்தால் அதற்கு ஒரே பதில்தான் வரும். அவரைத் தனியே அழைத்துப் பேசவேண்டும். மறுத்தால், குடும்பத்திடம் காரணம் சொல்லாமல் ‘தானத்துக்குப் பொருந்தவில்லை’ என்று மட்டும் தெரிவிக்கலாம். இது பல நாடுகளில் உள்ள வழக்கம். அப்படித் தனியே பேசுவதற்கு, அவர் மொழி தெரிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் அந்த அறையில் இருந்தாகவேண்டும்.