அமெரிக்க மாநகரங்களும் சமஷ்டி நிதியும்

சமஷ்டி ஆட்சிமுறையை ஆராயப் புகுவோர் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதையே பெரும்பாலும் நோக்குவர். வீதிக்கு விளக்கிட்டு, குடிநீர் வழங்கி, குப்பை அகற்றி, இடர்ப்பட்டோர்க்கு முதலிற் கைகொடுக்கும் நகர ஆட்சியை அவர்கள் நினைப்பது அரிது. பசித்தவன் முதலில் வந்து தட்டுவதோ நகர மண்டபத்தின் கதவையே. ஐக்கிய அமெரிக்காவின் மாநகர முதல்வர்கள் 1932ஆம் ஆண்டு தொடக்கம் தம் மக்களுக்காக வாஷிங்டனின் கதவைத் தட்டிய வரலாறு இவ்வகையிற் படிக்கத்தக்கது. அவர்கள் பெற்றது யாது, பெறாது விட்டது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நகரத்தின் தாழ்நிலை

அமெரிக்க அரசியலமைப்பில் நகரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நகரம் மாநிலத்தின் படைப்பு. மாநிலம் கொடுத்த அதிகாரமன்றி வேறொன்றும் அதற்கில்லை என்பது 1868இல் ஐயோவா மாநில நீதியரசர் டிலன் வகுத்த விதி. அது பின்னர் நாடெங்கும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாநில சட்டசபைகளிலோ நாட்டுப்புறப் பிரதிநிதிகளின் கையே ஓங்கியிருந்தது. குடித்தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவத்தை உயர்நீதிமன்றம் வற்புறுத்தியது 1960களிலேயாகும். ஆகவே, 1930இல் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சிக்காகோவும், 15 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த டெற்றோயிற்றும் தம் மாநிலத் தலைநகரங்களில் செல்வாக்குக் குறைந்தே நின்றன. அவற்றின் வருவாயும் பெரும்பாலும் ஆதனவரி ஒன்றையே நம்பியிருந்தது.

பஞ்சமும் வெறும் பெட்டகமும்

1929 ஒக்டோபரில் பங்குச்சந்தை வீழ்ந்தது. 1933 அளவில் உழைப்பாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். வீட்டு வாடகை இறுக்க இயலாதவன் ஆதனவரி எங்ஙனம் இறுப்பான்? நகரத்தின் செலவு ஏறிய அதே வேளையில் வரவு இறங்கியது.

மோட்டார் வண்டித் தொழிலால் வளர்ந்த டெற்றோயிற்றில் ஃபிராங்க் மேர்பி 1930இல் மாநகர முதல்வரானார். வேலையற்றோர்க்கு உணவளிப்பது நகரின் கடமை எனக் கொண்ட அவர், அதற்காகக் கடன்பட வேண்டியிருந்தது. கடன் கொடுத்த வங்கியாளரோ நிவாரணச் செலவைக் குறைக்குமாறு நெருக்கினர்.

சிக்காகோவின் நிலையை ஆசிரியராயினோர் மறத்தல் இயலாது. ஆதனமதிப்பீட்டுக் குழப்பத்தால் வரி அறவீடு ஆண்டுக்கணக்கிற் பின்தங்கியது. வரி இறுக்க மறுத்தோரும் பலர். 1931 தொடக்கம் அந்நகரத்து ஆசிரியர்கள் மாதக்கணக்காகச் சம்பளமின்றிக் கற்பித்தனர். சில வேளைகளில், இனி வசூலாகப்போகும் வரியை நம்பி எழுதிய சீட்டுக்களே சம்பளமாகக் கிடைத்தன. அவற்றை எழுதிய விலைக்கு வாங்குவார் இல்லை. எனினும் பாடசாலைகள் நடந்தன.

முதல் வேண்டுகோள்

நிவாரணம் தருமசிந்தையுள்ள தனியாரதும் உள்ளூராட்சியினதும் மாநிலத்தினதும் பொறுப்பு என்பது ஜனாதிபதி ஹூவரின் கொள்கை. மத்திய அரசு நேரே கைகொடுப்பின் மக்களின் தன்னாட்சிப் பண்பு கெடும் என அவர் உண்மையாகவே அஞ்சினார். ஆனால் 1932 ஜனவரியில் தோன்றிய புனர்நிர்மாண நிதிக் கூட்டுத்தாபனம் வங்கிகளுக்கும் புகையிரதக் கம்பனிகளுக்கும் கடன் வழங்கலாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சிக்காகோவின் வங்கியொன்றுக்கு மட்டும் 9 கோடி டொலர் கடன் அனுமதிக்கப்பட்டது. அந்நகரத்து ஆசிரியர்களோ சம்பளமின்றி இருந்தனர். வங்கிக்கு இரங்கலாமெனின் நகரத்துக்கு இரங்கலாகாதா என்ற வினா எழுந்தது இயல்பே.

அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் மேர்பியின் அழைப்பை ஏற்றுப் பெருநகரங்களின் முதல்வர்கள் டெற்றோயிற்றிற் கூடினர். பொதுவேலைகளுக்கென 500 கோடி டொலர் கடன் எழுப்புமாறு அவர்கள் மத்திய அரசை வேண்டினர். சிக்காகோ முதல்வர் அன்ரன் சேர்மாக், இன்று நிவாரணப் பணம் அனுப்பாவிடின் நாளை படை அனுப்ப நேரும் என்ற கருத்துப்படக் காங்கிரஸ் குழுவின் முன் எச்சரித்தார். காங்கிரஸ் நிறைவேற்றிய முதற் சட்டத்தை ஹூவர் மறுத்தார். பின், 1932 ஜூலை 21இல், நிவாரணக் கடனுக்கு 30 கோடி டொலர் ஒதுக்கும் சட்டத்திற் கைச்சாத்திட்டார். வேண்டியதை நோக்கின் இது சிறுதொகையே. ஆயினும் பூட்டியிருந்த கதவு திறந்தது.

1933 பெப்ரவரி 15இல், தாம் முன்னர் எதிர்த்து நின்ற றூஸ்வெல்ற்றின் ஆதரவை நாடி மியாமி நகருக்குச் சென்றிருந்த சேர்மாக், றூஸ்வெல்ற்றை நோக்கிச் சுட்ட குண்டொன்று பட்டு வீழ்ந்தார். மார்ச் 6இல் இறந்தார். அவர் சுடப்பட்டதற்கு இரண்டு நாளின் பின், பெப்ரவரி 17இல், வாஷிங்டனிற் கூடிய முதல்வர்கள் தம் மாநாட்டை நிலையான சங்கமாக அமைத்தனர். மேர்பி அதன் முதல் தலைவரானார். சிக்காகோ ஆசிரியர்களின் நிலுவைச் சம்பளம் 1934இல் மேற்கூறிய கூட்டுத்தாபனம் கொடுத்த இரண்டு கோடி டொலருக்கு மேற்பட்ட கடனாலேயே தீர்க்கப்பட்டது. அக்கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது பாடசாலைச் சொத்தேயாகும்.

ஆயத்தத்தின் வெற்றி

றூஸ்வெல்ற் ஆட்சியில் நிதி பெருகிற்று. 1933இல் நிவாரணத்துக்கு 50 கோடி டொலரும் பொதுவேலைகளுக்கு 330 கோடி டொலரும் ஒதுக்கப்பட்டன. அந்த மாரிகாலத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அரசின் அவசர வேலைகளில் அமர்த்தப்பட்டனர். எனினும் பணம் எல்லா நகரங்களையும் ஒருபடித்தாய்ச் சேரவில்லை. 1934 ஜனவரி முதலாந் திகதி நியூ யோர்க்கின் முதல்வராகப் பதவியேற்ற லா குவாடியா குடியரசுக் கட்சியினர். ஜனாதிபதியோ ஜனநாயகக் கட்சியினர். காங்கிரஸ் அங்கத்தவராகப் பல்லாண்டு இருந்த லா குவாடியா, வாஷிங்டனின் வழிகளை நன்கறிந்தவர். அடிக்கடி அங்கு செல்வார். செல்லும்போது வெறுங்கையோடு செல்லார். பொறியியலாளர் வரைந்து முடித்த திட்டங்கள் ஆயத்தமாயிருக்கும். பிற நகரங்கள் யாது செய்வோம் என ஆலோசித்த வேளையில், நியூ யோர்க் எங்கே வெட்டுவது, எத்தனைபேர் வேண்டும் என்பதைச் சொல்லக்கூடியதாயிருந்தது. 1936இல் திறக்கப்பட்ட திரைபரோ பாலமும் 1939இல் திறக்கப்பட்ட விமானநிலையமும் இம்முயற்சியின் சின்னங்கள். 1935 தொடக்கம் 1945 வரை முதல்வர் மாநாட்டின் தலைமையும் அவரிடமே இருந்தது.

கொடுப்போன் கை

ஆயின் பணத்தோடு நிபந்தனையும் வந்தது. நகரப் பூங்கா ஆணையாளரும் பாலச் சபையின் அங்கத்தவருமான றொபேட் மோசஸ்மீது றூஸ்வெல்ற்றுக்குப் பழம்பகை இருந்தது. 1934ஆம் ஆண்டின் இறுதியில், நகரப் பதவி வகிப்பவர் அங்கத்தவராயுள்ள சபைக்குப் பணமில்லை என்ற கட்டளை பிறந்தது. பொதுவிதிபோல எழுதப்பட்டதாயினும் அது ஒருவரையே குறித்தது. பாலத்தை இழக்க விரும்பாத லா குவாடியா முதலில் இணங்கலானார். செய்தி வெளிவரவே மக்கள் வெகுண்டனர். 1935 மார்ச்சில் அக்கட்டளை தளர்த்தப்பட்டது. பெருநகரமொன்றின் பாலம் இருவரின் பகைமையில் ஊசலாடிய நிலை, கேட்டுப்பெறும் நிதியின் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

பிற்கால நிகழ்ச்சிகளும் இதையே உணர்த்துவன. 1972இல் மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் ஐந்தாண்டில் 3,000 கோடி டொலருக்கு மேல் பகிர்ந்தளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1986இல் அப்பகிர்வு நின்றது. 1975 ஒக்டோபரில் கடனில் மூழ்கிய நியூ யோர்க்குக்கு உதவ மறுத்த ஜனாதிபதி ஃபோர்ட், ஆண்டு முடியுமுன் மனம் மாறி, வட்டியோடு திருப்பவேண்டிய கடனுக்கு இசைந்தார். 2021இல் கொள்ளைநோய்க் காலத்தில் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் 35,000 கோடி டொலர் வழங்கப்பட்டது. அதுவும் தவணை குறித்த உதவியே.

முடிபு

இவற்றால் நாம் துணியக்கூடியது ஒன்றுண்டு. மாநகர முதல்வர்கள் வென்றது வாசல் புகும் உரிமை. பெறாது விட்டது பங்குக்கான உரிமை. வாசல் திறப்பதும் அடைப்பதும் உள்ளிருப்போன் மனத்தைப் பொறுத்தது. பங்கு சட்டத்தில் எழுதப்படினும், அச்சட்டத்தை நீடிக்கும் வலிமை நகரங்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் கேட்டது பிச்சையுமன்று. வாஷிங்டனிற் குவிந்த வரியில் நகரத்தார் இறுத்ததும் இருந்தது. அங்ஙனமிருந்தும் அதனை மீளப் பெற ஒருவர்க்குப் புகழுரையும் மற்றொருவர்க்கு எச்சரிக்கையும் வேண்டியிருந்தன.

எனினும் அவர்கள் முயற்சி வீணன்று. தனித்தனியே சென்றபோது மறுக்கப்பட்டவர்கள் கூடிச்சென்றபோது கேட்கப்பட்டனர். கணக்கும் திட்டமும் கொண்டு சென்றவர் கூடுதலாகப் பெற்றனர். அரசியல் பயிலும் மாணவர் பிரபல ஜனாதிபதிகளின் பெயர்களோடு, சம்பளமின்றி வகுப்பறைக்குச் சென்ற அந்தச் சிக்காகோ ஆசிரியர்களையும் நினைவிற் கொள்வாராக. நிதிப்பகிர்வு என்னும் வறண்ட சொல்லின் உட்பொருள் அவர்கள் வீட்டு அடுப்பிலேதான் இருந்தது.