ஒரு வளையமும் ஒரு மொழியின் சான்றும்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பர். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னர் வீரர்கள் வளையமாகக் குனிந்து கூடுவர். அடுத்த திட்டம் அங்கே பகிரப்படும். 'ஹடில்' எனப்படும் இவ்வழக்கத்தின் தோற்றம் வாஷிங்டனில் உள்ள ஒரு சிறு கல்லூரியோடு இணைத்துப் பேசப்படுகிறது.

காதுகேளாதோருக்கான கேலடெட் கல்லூரி, 1864இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின்வழிப் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. அதன் பெயரிலிருந்து 'ஊமை' எனப் பொருள்படும் சொல் நீங்கியது 1894இல்தான். அதே ஆண்டில், அணியின் குவார்ட்டர்பேக் பால் ஹப்பார்டுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அவர் கைகளால் சொல்லும் திட்டத்தை எதிரணியினரும் படித்துவிடக்கூடும். எனவே வீரர்களை வளையமாக நிறுத்தி, சைகைகளை அவர்களின் உடல்களால் மறைத்தார்.

ஹடிலுக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. சிகாகோவின் பயிற்சியாளர் ஸ்டாக்கின் பெயரும் சொல்லப்படுவதுண்டு. 'முதன்முதலில்' என்னும் கூற்றுகளை விளையாட்டு வரலாற்றில் சற்று ஐயத்தோடு அணுகுவதே நன்று. மொழியியல் மாணவனாக என்னை ஈர்ப்பது வேறொன்று. கேட்கும் திறனுள்ள அணிக்கு எதிராக ஆடும்போது சைகையை மறைக்கத் தேவையே இல்லை. அவர்களுக்கு அது புரியாது. மறைக்க வேண்டியிருந்தது, பிற காதுகேளாதோர் பள்ளிகளின் அணிகளிடமிருந்து. அதாவது, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பள்ளிகளில் பயின்ற இளைஞர்கள் ஒருவர் சைகையை மற்றவர் தடையின்றிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு பொதுமொழி அன்றே நிலைபெற்றிருந்தது.

இதை 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காதுகேளாதோர் கல்வியில் வாய்மொழிப் பயிற்சியே மேலானது என்று அம்மாநாடு தீர்மானித்தது. பேராளர்களுள் காதுகேளாதவர் ஒருவரே: கேலடெட் வளாகத்திலிருந்த கெண்டல் பள்ளியின் ஜேம்ஸ் டெனிசன். கல்லூரித் தலைவர் எட்வர்ட் மைனர் கேலடெட் அத்தீர்மானத்தை எதிர்த்தார். தம் கல்லூரியில் சைகையைக் கைவிடவில்லை. பிற இடங்களிலோ வகுப்பறைகளில் சைகை மெல்ல மெல்ல விலக்கப்பட்டது. வகுப்பறை மறுத்த மொழியை ஆடுகளம் உளவுபார்க்கத்தக்கதாகவே கருதியது!

அறிஞருலகம் இதை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. கேலடெட்டின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, சைகைகளும் ஒலியன்களைப் போலப் பொருளற்ற சிறு கூறுகளால் ஆனவை என 1960இல் நிறுவினார். கைவடிவம், இடம், அசைவு என்பன அக்கூறுகள். சக ஆசிரியர்கள் பலர் அவரை ஏளனம் செய்தனர். ஹப்பார்டின் வளையத்துக்கும் அந்த ஆய்வேட்டுக்கும் இடையே 66 ஆண்டுகள்.

ஹப்பார்ட் பின்னர் கன்சாஸ் காதுகேளாதோர் பள்ளிக்குச் சென்று, அங்கும் கால்பந்தாட்டத்தைப் பயிற்றுவித்தார். மிலான் தீர்மானங்களை அதே மாநாட்டு மரபின் வான்கூவர் அமர்வு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010இல்.