சீலோ: எரிந்த ஊரின் கதை

எருசலேமில் சாலொமோன் ஆலயம் எழுப்புவதற்கு முன்னால் இஸ்ரவேல் கோத்திரங்கள் கூடித் தொழுத ஊர் சீலோ. எருசலேமுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், எப்பிராயீம் மலைநாட்டில் இருக்கிறது. பெத்தேலுக்கு வடக்கே, சீகேம் போகும் பெருவழிக்குக் கிழக்கே, லிபோனாவுக்குத் தெற்கே என்று நியாயாதிபதிகள் ஆகமம் வழி சொல்கிறது. அந்த அடையாளங்களை வைத்துத்தான் 1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபு மக்கள் செய்லூன் என்றழைத்த இடிபாட்டு மேட்டை இனங்கண்டார்.

இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா இங்கே, தொழுகைக்கான ஆசரிப்புக் கூடாரத்தை நிறுத்தி, மீந்திருந்த ஏழு கோத்திரங்களுக்கும் சீட்டுப் போட்டு நிலம் பங்கிட்டார் என்கிறது வேதம். அரசன் இல்லாத காலம் அது. கடவுளின் உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஊரே மக்களைச் சேர்த்துப் பிடித்தது. ஆண்டுதோறும் திருவிழா, திராட்சைத் தோட்டங்களுக்கு அருகே பெண்பிள்ளைகள் ஆடுவார்கள். எல்க்கானா குடும்பத்தோடு வந்து பலியிட்டதும், அவர் மனைவி, பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டியதும், பிறந்த சாமுவேலை ஆசாரியன் ஏலியிடம் ஒப்படைத்ததும் இங்கேதான்.

சீலோவின் சரிவு உள்ளிருந்தே தொடங்கியது. ஏலியின் மக்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தவர்களிடம் வேகாத இறைச்சியைக் கேட்டார்கள். தராவிட்டால் பலவந்தமாக எடுத்துக்கொள்வோம் என்று வேலைக்காரனை விட்டு மிரட்டினார்கள். நம்பி வந்த எளிய மக்களிடம் பறித்த இந்தக் குற்றத்தை வேதம் பூசி மெழுகவில்லை. அதை எழுதியவர்களின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு அண்டைப் பகைவரான பெலிஸ்தரோடு போர். ஒருமுறை தோற்றதும், பெட்டி வந்தால் வெற்றி வரும் என்று அதைக் களத்துக்குத் தூக்கிப் போனார்கள். பெட்டி பறிபோனது, ஏலியின் மக்கள் இருவரும் மாண்டார்கள். செய்தி கேட்ட 98 வயது ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தார்.

அதன்பின் சீலோவுக்கு என்ன ஆயிற்று? சாமுவேல் ஆகமம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பதில் மண்ணுக்குள் இருந்தது. 1920களில் டேனிஷ் குழுவினர் தோண்டினார்கள். 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டீன் தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது, மேட்டின் மேற்குச் சரிவில் தூண்கள் நிறுத்திய கட்டடங்களும், வரிசையாக வைத்த பெரிய சேமிப்புச் சாடிகளும் கடுந்தீயில் சிக்கிக் கிடந்தன. கருகிய உலர் திராட்சையும் கிடைத்தது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஊர் எரிந்திருக்கிறது. கொளுத்தியவர்கள் பெலிஸ்தர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பெலிஸ்தர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அது சீலோவுக்கு வரவில்லை, கீரியாத்யாரீமில் தங்கியது. சீலோ சிற்றூராய்ச் சுருங்கியது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின், ஆலயம் இருக்கும்வரை எருசலேமுக்கு அழிவில்லை என்று நம்பியவர்களிடம் தீர்க்கதரிசி எரேமியா சீலோவைப் போய்ப் பாருங்கள் என்றார். அதற்காக அவரைக் கொல்லத் துடித்தார்கள். கி.மு. 586இல் பாபிலோனியர் அந்த ஆலயத்தையும் எரித்தார்கள். அதன்பின் சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து 80 பேர் தாடியைச் சிரைத்து, உடையைக் கிழித்துக்கொண்டு, காணிக்கையும் தூபமும் ஏந்திக் கர்த்தருடைய ஆலயத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் மிஸ்பாவில் பத்துப் பேர் தவிர மற்றவர்களை இஸ்மவேல் என்பவன் வெட்டிக் கிணற்றில் போட்டான்.

அடுத்த வாரம்: பெட்டி தங்கிய கீரியாத்யாரீம்.