பாரிமுனையும் ஒரு குடும்பப் பெயரும்

சென்னையிற் பாரிமுனையை அறியாதார் இலர். முல்லைக்குத் தேர் ஈந்த பறம்பு மலைப் பாரி வள்ளலின் நினைவாக அப்பெயர் அமைந்தது என்று எண்ணுவோரும் உண்டு. எண்ணம் இனியதே, உண்மை வேறு. 1788ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரின் குடும்பப் பெயரே அவ்விடத்திற்கு வாய்த்தது. அவர் 1824இல் காலரா கண்டு இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் கைமாறி, 1981இல் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. உடையவர் மாறினும் பெயர் மாறவில்லை.

இத்துணை உறுதியாக நிலைத்த பெயர் எங்ஙனம் பிறந்தது? ஆங்கிலக் குடும்பப் பெயர்களோடு சேர்த்து எண்ணப்படினும், இதன் பிறப்பிடம் இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் நாடு. தாமஸ் பாரியும் அந்நாட்டினரே. வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். ஹாரி என்பானின் மகன் ‘அப் ஹாரி’. அதுவே விரைந்து சொல்லச் சொல்ல மருவிப் ‘பாரி’ ஆயிற்று. ஹாரி என்பது ஹென்றி என்னும் பெயரின் பேச்சு வடிவம். இவ்வாறே ரீஸ் என்பவரின் மகன் பிரைஸ் ஆனார். ஹவெல் என்பவரின் மகன் பவல் ஆனார். ஹியூ என்பவரின் மகன் பியூ ஆனார்.

பழைய வேல்ஸ் மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் தாமஸ் அப் ஹாரி எனின், அவர் மகன் ஜான் அப் தாமஸ். தலைமுறைதோறும் பின்பெயர் மாறும். இங்கிலாந்திலோ 1066இல் நார்மானியர் வென்ற பின்னர், நிலவுரிமைக்கும் வரித்தண்டலுக்கும் ஏடுகள் பெருகின. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித், குன்றைக் குறிக்கும் ஹில், ஜானின் மகனைக் குறிக்கும் ஜான்சன் போன்ற அடைமொழிகள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும் உடைமைகளாயின. 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. வழக்குமன்ற மொழி ஆங்கிலமாயிற்று. முதலிற் செல்வரும் பின்னர் ஏனையோரும் அன்றிருந்த தந்தை பெயரையே நிலையாக்கிக் கொண்டனர். ஆகவே பாரி என்பது, என்றோ வாழ்ந்த ஒரு தந்தையின் பெயர், ஏட்டில் உறைந்து நின்ற வடிவமே.

நேயர்களே, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டு வழங்கும் நமக்கு இவ்வரலாறு அயலதன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் இது நிகழ்கின்றது. மராத்திய வழக்கில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மூன்றாவது கட்டத்தைக் கண்டதும் தமிழ்த் தந்தை திகைக்கிறார். அகராதியிற் சொல் உண்டு. வீட்டில் அப்பொருள் இல்லை.

சாதிப் பட்டத்தை இட்டு அக்கட்டத்தை நிரப்புவது எளிது. ஆனால் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. பலர் மனமுவந்து துறந்தனர். துறந்ததை ஒரு படிவத்துக்காக மீண்டும் சூடுவதா? எனவே தந்தை தம் பெயரை எழுதுகிறார். முருகனின் மகன் கண்ணன் முருகன் ஆகிறான். அவனுக்குப் பிறக்கும் மகன் செழியன் கண்ணனா, செழியன் முருகனா? ஓர் ஆவணத்தில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றும் பதிவாயின், கடவுச்சீட்டுக்கும் சொத்துரிமைக்கும் அவன் அலைய நேரும்.

தந்தை பெயரை மாற்றிக்கொண்டே செல்வதும் முறையே. பாட்டனார் பெயரை நிலைநிறுத்துவதும் முறையே. வேல்ஸ் நாட்டார் இரண்டையும் கண்டவர்கள். ஆனால் அம்முடிவு வீட்டிற் கூடிப் பேசி எடுக்கப்பட வேண்டும். பிறப்புச் சான்று முதல் எல்லா ஏடுகளிலும் ஒன்றுபோல் எழுதப்பட வேண்டும். படிவத்தை நிரப்பும் எழுத்தரின் அவசரத்துக்கு அதனை விட்டுவிடலாகாது. மூன்றாவது கட்டத்தில் இன்று எழுதப்படுவது, இனிப் பிறக்கவிருக்கும் பேரக் குழந்தைகளுக்கும் உரிய பெயராகலாம்.