அதிரடி ரோக்லைக் விளையாட்டுகள்: கடினமும் கைப்பழக்கமும்

ஒவ்வொரு முறையும் களம் புதிதாக அமையும். நாயகன் இறந்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். இப்படிப்பட்ட வீடியோ கேம்களுக்கு ரோக்லைக் என்று பெயர். கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற மாணவர்கள் 1980-இல் உருவாக்கிய ‘ரோக்’ இவற்றின் முன்னோடி. அதில் ஆடுபவர் நகர்ந்தால்தான் எதிரியும் நகரும். யோசிக்க நேரம் உண்டு. அதிரடி வகையில் அந்த அவகாசம் கிடையாது.

இந்தியாவில் உருவானவற்றில் குறிப்பிடத்தக்கது, ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017-இல் வெளியிட்ட ‘அசுரா’. புராணச் சாயல் கொண்ட உலகில், வாளேந்திய அசுரன் ஒருவன் பழிவாங்கக் கிளம்புகிறான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நிலவறைகள் மாறும். திறமைகளைத் தரும் ஸ்கில் ட்ரீயும் மாறிவிடும். போன முறை கைகொடுத்த உத்தி இம்முறை கிடைக்காமலே போகலாம்.

புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ ரோக்லைக் அல்ல. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ராஜியின் கோட்டைகளும் சண்டைக் களங்களும் மாறுவதில்லை. துர்க்கை தந்த திரிசூலத்தோடு போராடித் தோற்ற அதன் நாயகியான சிறுமி, அருகிலுள்ள செக்பாயின்ட்டில் மீண்டும் எழுகிறாள். எதிரி எங்கே வருவான் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அசுராவில் இடத்தை நினைவில் வைத்துப் பயனில்லை. எதிரியின் சுபாவத்தைத்தான் படிக்க வேண்டும்.

இந்தப் படிப்புக்கு விளையாட்டே துணை நிற்க வேண்டும். பிரான்சின் மோஷன் ட்வின் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘டெட் செல்ஸ்’ இதை அழகாகச் செய்கிறது. எதிரி தாக்குவதற்குச் சற்று முன் அவன் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி மின்னும். அந்தக் கண நேரத்தில் உருண்டு விலகலாம், கேடயத்தால் தடுக்கலாம். முதலில் குறியைக் கண்டதும் பதறும் கை, நாளடைவில் தானாகவே கேடயத்துக்குப் போகும். ஏன் இறந்தோம் என்பது புரிவதால் தோல்வி எரிச்சலூட்டுவதில்லை. எதிரியின் அடி கண்ணுக்கே தெரியாத விளையாட்டைக் கடினமானது என்று புகழக் கூடாது. அது வடிவமைப்புக் கோளாறு.

கைத்திறனோடு, செத்த பிறகும் கைவிட்டுப் போகாத மேம்பாடுகளும் பல விளையாட்டுகளில் உண்டு. 2020-இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடிஸ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் ‘காட் மோட்’ வாங்கும் அடியில் 20 சதவீதத்தைக் குறைக்கும். ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2 சதவீதம் கூடி, 80 வரை போகும். வேண்டாதவர்கள் அணைத்து வைக்கலாம். டெட் செல்ஸும் 2022-இல் இதுபோன்ற உதவி வசதியைச் சேர்த்தது. இவ்வகைக்குப் புதியவர்கள் இத்தகைய வசதியோடு தொடங்கத் தயங்க வேண்டியதில்லை.