டேக் பெட்டி வெளியே வந்த கதை

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த வியாதி வரும். நல்ல ஸ்பீக்கர் வாங்கியாச்சு, ஆம்ப்ளிஃபயர் வாங்கியாச்சு, அடுத்து 'டேக்' வாங்கணுமாமே என்று யாராவது கிளப்பி விடுவார்கள். டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம் அது. எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றித் தருகிற சமாச்சாரம். ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும், ஐந்து லட்சத்துக்கும் கிடைக்கும். எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் விலையைச் சொல்வதில்லை, கதையைத்தான் சொல்கிறேன். பர்ஸுக்கு அதுதான் நல்லது.

முதலில் ஒரு தராசு. 1 கிராம், 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் 16 படிக்கற்கள் இருக்கின்றன. கடைசிக் கல் 32,768 கிராம், அதாவது கிட்டத்தட்ட 33 கிலோ. இவற்றை மாற்றி மாற்றி வைத்து பூஜ்யத்திலிருந்து 65,535 வரை எந்த எடையையும் காட்டலாம். ஆனால் அந்த 33 கிலோ கல்லில் அரை கிராம் பிசகினாலும் கணக்கு கோணலாகிவிடும். 16 பிட் டேக் சிப்புக்குள் நடப்பது இதுதான், கல்லுக்குப் பதில் மின்னோட்டம். அதுவும் நொடிக்கு 44,100 தடவை.

சிடி தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் பிலிப்ஸ் கையில் இருந்தது 14 பிட் சிப், டிடிஏ1540. அதனால் 14 பிட் போதும் என்றார்கள். சோனி 16 தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தது. 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது, விலை 1,68,000 யென். அதில் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே ஒரு கன்வெர்ட்டர்! இடது, வலது என்று மாறி மாறி வேலை பார்த்தது. ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோசெகண்ட் பிந்தி வரும். இதைக் காதால் கேட்க முடியும் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு :-)

தோற்றுப்போன பிலிப்ஸ் செய்ததுதான் எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பிடித்த அத்தியாயம். 16 பிட் தட்டு, கையில் 14 பிட் சிப். என்ன செய்வது? வேகத்தை நான்கு மடங்காக்கி, நொடிக்கு 1,76,400 தடவை ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் விட்டுப்போன சில்லறையை அடுத்த தடவையின் கணக்கில் சேர்த்தார்கள். கடைக்காரர் 'எட்டணா பாக்கி, நாளைக்கு வாங்கிக்கோ' என்பது மாதிரி. சராசரி பார்த்தால் பாக்கி தீர்ந்துவிடும், மிச்சமிருக்கிற இரைச்சலும் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். 14 பிட் சிப், 16 பிட் வேலை பார்த்தது. ஓவர்சாம்பிளிங் என்ற பெயரில் எல்லா பிளேயரிலும் பின்னால் ஒட்டிக்கொண்ட வித்தை இதுதான்.

அப்புறம் ஆரம்பித்தது எண் பந்தயம். நான்கு மடங்கு, எட்டு மடங்கு, 18 பிட், 20 பிட் என்று பிளேயர் முகப்பில் தங்க எழுத்தில் போட்டு விற்றார்கள். 80களின் கடைசியில் அதே பிலிப்ஸ் 'பிட்ஸ்ட்ரீம்' என்று வந்து நின்றது. எத்தனை பிட்? ஒன்றே ஒன்று! நேற்று வரை அதிக பிட் வாங்கச் சொன்னவர்கள், இன்று ஒரு பிட்தான் உசத்தி என்றார்கள். விஷயம் உண்மைதான். 33 கிலோ கல்லே வேண்டாம், ஒரு கிராம் கல்லையே மின்னல் வேகத்தில் வைத்து எடுத்தால் போதும். இந்த டெல்டா-சிக்மா யோசனை டோக்கியோவில் இனோசே, யசுதா முதலானோர் 1962லேயே எழுதிவைத்தது. இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான்.

சரி, பெட்டி ஏன் தனியாக வெளியே வந்தது? சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் வாசலை வைத்ததால், பிளேயர் ஒரு பெட்டி, டேக் ஒரு பெட்டி என்று பிரிக்க முடிந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் அதற்கு நியாயமான காரணம் கிடைத்தது. என் பழைய கம்ப்யூட்டரின் பின்னால் ஹெட்ஃபோனைச் செருகி மவுஸை நகர்த்தினால் 'கீச்... கீச்' என்று கூடவே பாடும். உள்ளே ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாம் போடும் சத்தம் அது. போதாக்குறைக்கு 1997இல் வந்த ஏசி97 முறையின் அடிப்படை வேகம் 48,000. சிடியின் 44,100ஐ அதற்கு மாற்றுகிற வேலையைப் பல கார்டுகள் அரைகுறையாகச் செய்தன.

1998இல் யூஎஸ்பி வழியாக ஒலி அனுப்ப ஒரு பொதுமுறை வந்தது. அதிலும் ஒரு சிக்கல். ஆரம்பகால டேக்குகள் கம்ப்யூட்டர் தருகிற வேகத்துக்கு ஆடின. லாரி வரும் நேரத்துக்கு நாம் குடத்தோடு ஓடுகிற மாதிரி. அந்தக் கடிகாரத் தடுமாற்றத்துக்கு ஜிட்டர் என்று பெயர். அசின்க்ரனஸ் முறையில் டேக்கிலேயே கடிகாரம் இருக்கும். 'கொஞ்சம் கூட விடு, போதும் நிறுத்து' என்று அது கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும். இதை ஆடியோ உலகில் பரப்பியவர்களில் முக்கியமானவர் கார்டன் ராங்கின். அவர் வடிவமைத்த டிராகன்ஃபிளை 2012இல் 249 டாலருக்கு, பென் டிரைவ் சைஸில் வந்தது. விண்டோஸ் மட்டும் அதிவேக யூஎஸ்பி ஆடியோவைத் தானாகப் புரிந்துகொள்ள 2017 வரை இழுத்தடித்தது. அதுவரை டிரைவர் சிடியைத் தேடியவர்கள் எத்தனை பேரோ.

ஆக, பெட்டி வாங்கச் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 2007இல் மேயர், மோரன் இருவரும் உயர்ரக ஒலிப்பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மறைத்துவைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டினாலும் அதேதான் வரும்! 2018இல் ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற யூஎஸ்பி-சி வால் கூட அளந்து பார்த்ததில் சுத்தமாகவே இருந்தது. சிடி பிளேயர் 2 வோல்ட் தரும், இது சுமார் 1 வோல்ட். ஐரோப்பிய மாடலில் அதிலும் பாதி. வால்யூம் குமிழைக் கொஞ்சம் கூடத் திருப்பணும், அவ்வளவுதான்.

ஆனாலும் சிப் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவது நிற்கவில்லை. ஏகேஎம் என்றால் வெல்வெட், இஎஸ்எஸ் என்றால் கூர்மை என்று ஜாதகம் சொல்வார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா ஊரில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. சிப் கிடைக்கவில்லை. பல கம்பெனிகள் இஎஸ்எஸ் சிப்புக்குத் தாவி, மாடலைக் கொஞ்சம் மாற்றி விற்றன. சத்தமில்லாமல் விற்றும் போச்சு.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது மூன்றே கேள்வி. இப்போது இருக்கிற ஜாக்கில் பாட்டு இல்லாதபோது இரைச்சல் கேட்கிறதா? உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற வாசல் அந்தப் பெட்டியில் இருக்கிறதா? டிரைவர் தேடாமல் ஓடுமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்ற இரண்டையும் நான் கேட்பதேயில்லை.