‘விழைவுள்ளவரை’: ஒரு சட்டத்தொடரும் ஆட்சிப்பணிச் சீர்திருத்தமும்

உயர் அலுவலரை நியமிப்போர் யார், அவ்வலுவலர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினாக்களுக்கு இந்தியச் சட்டங்கள் தந்த விடை, ‘பிளெஷர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சுற்றியே அமைந்துள்ளது. சட்டவழக்கில் அச்சொல் இன்பத்தைக் குறிப்பதன்று. ஆள்வோரின் விழைவைக் குறிப்பது. அரசியலமைப்பின் 310ஆம் உறுப்பில் வரும் இச்சொல்லை இந்தி வடிவம் ‘பிரசாத்’ எனப் பெயர்த்துள்ளது. வடமொழியில் பிரசாதம் அருளையும் குறிக்கும். தமிழ் வழக்கிலோ அது கோயிலில் பெறும் உணவாகப் பொருள் சுருங்கிற்று. அலுவலர் பதவியில் நீடிப்பது விழைவாலா, அருளாலா என்பது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று. சீர்திருத்த வரலாற்றின் மையச் சிக்கலும் அதுவே.

முதலில் சீர்பெற்றது நியமன முறையாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தம் பரிந்துரையால் பதவிகளை வழங்கி வந்தனர். 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அவ்வுரிமையை நீக்கிற்று. மெக்காலே குழு 1854இல் அளித்த அறிக்கையின்படி, 1855இல் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. இந்தியாவில் அத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணியில் நுழைய அருள் வேண்டா என்றான பின்னரும், நீடிப்பதற்கு விழைவு தேவைப்பட்டது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மன்னரின் விழைவுள்ளவரையே பதவி என விதித்தது. ஆயினும், நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் பணிநீக்கம் செய்தலாகாது எனவும் வரையறுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம், நீக்கப்படுமுன் காரணம் காட்டும் வாய்ப்பைச் சேர்த்தது. இவ்விரு காப்புகளும் அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பில் இடம்பெற்றன. தண்டனையின் அளவு குறித்து இரண்டாம் முறை முறையிடும் வாய்ப்பை 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் நீக்கியது.

இக்காப்புகள் பணிநீக்கத்தையும் பதவியிறக்கத்தையும் கட்டுப்படுத்தினவேயன்றி இடமாற்றத்தைத் தொடவில்லை. விழைவு அவ்வழியே செயற்படலாயிற்று. எனவே பிற்காலச் சீர்திருத்தம் பதவிக்காலத்தை நோக்கித் திரும்பியது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது ஈராண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்றது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலியோர் தொடுத்த வழக்கில் 2013இல் வழங்கிய தீர்ப்பு, குறைந்தபட்சப் பதவிக்காலத்தோடு, வாய்மொழி ஆணைகளை எழுத்தில் பதிதலையும் வற்புறுத்தியது. எழுதப்படாத ஆணைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை; பொறுப்புடைமை எழுத்திலிருந்தே தொடங்குகிறது என்பது இதன் கருத்தாகும்.

இப்போக்கு ஒரே திசையில் செல்லவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை இயக்குநருக்கு ஈராண்டு உறுதி என 1997ஆம் ஆண்டின் வினீத் நாராயண் தீர்ப்பு வகுத்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தமோ, அக்காலத்தை ஓராண்டு ஓராண்டாக, மொத்தம் ஐந்தாண்டு நிறையும்வரை நீட்டிக்க வழி செய்தது. நீட்டிப்பை எதிர்நோக்கும் அலுவலருக்கு விழைவு மீண்டும் அருளாகிறது. இச்சட்டத்தொடரைப் பெயர்ப்போர், அருள் எனும் பொருளை அதில் ஏற்றாது, விழைவு என்றே ஆளுதல் வரலாற்றுக்குப் பொருந்துவதாகும். விழைவுக்கு வரம்பிடலாம், அருளுக்கு வரம்பு கேட்க இயலாது.